மாலைதீவுக்குப் போன இரண்டு பெட்டிகள்

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நெடுந்தீவுக்குப் போகிறவர்களின் கையில் அனேகமாக ஒரு சோற்றுப் பார்சல் இருக்கும். தீவு என்றால் சாப்பாடு கட்டிக்கொண்டுதான் போகவேண்டும் என்பது எங்கள் ஊரின் பழக்கம். அதே பழக்கத்தில்தான் அக்கா மாலைதீவுப் பயணத்துக்கும் பெட்டி கட்டினார். ஒரே விமானம், ஒரே விடுதி, 5 நாள், இரண்டு குடும்பம். அக்காவின் காட்போட் பெட்டியில் 14 கிலோ சாப்பாட்டுச் சாமான். எங்களுடையது 3 கிலோவும் வராது. "அங்க போய் ஆரிட்டைக் கேக்கிறது?" என்பது அக்காவின் கட்சி. "தீவிலும் மனிசர்தானே இருக்கினம்" என்பது என்னுடையது.

முதலில் தோற்றது நான்தான். கொழும்பில் இருந்து மாலேக்குப் பறப்பது ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். அதை மட்டும் கணக்குப் போட்டு, வழிச்சாப்பாட்டுக்கென்று காலையில் அவித்த புட்டைத் தேங்காய்ப்பூவோடு வாழையிலையில் கட்டினேன். ஆனால் யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்கவுக்கு இரவு பஸ், அங்கே காத்திருப்பு, பறப்பு, பிறகு விரைவுப் படகு என்று வீட்டுப்படி தாண்டியதில் இருந்து விடுதிக்கதவு வரை கிட்டத்தட்ட ஒரு நாள். விமானம் ஏறமுதலே புட்டு புளித்துவிட்டது. அக்காவின் பருத்தித்துறை வடை படகிலும் கறுமுறு என்றது. வழிச்சாப்பாட்டுக்கு ஈரப்பதன் இல்லாத பலகாரந்தான் சரி: தட்டை வடை, பொரிவிளாங்காய், எள்ளுருண்டை. இதில் வேறு பேச்சு இல்லை.

அரிசியில் அக்கா தோற்றார். 5 கிலோ புழுங்கலரிசி சுமந்து வந்திருந்தார். தீவுக் கடையில் அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு எல்லாமே கிடைத்தன. வெள்ளை அரிசிதான், எங்கள் வாய்க்கு அது சோறே இல்லை என்பது வேறு கதை. அதற்குப் பதில் நான் கொண்டுபோனது ஒரு கிலோ வறுத்த அரிசிமாவும் புட்டு அவிக்கிற ஒரு நீத்துப்பெட்டியும். நீத்துப்பெட்டி பனையோலை, பாரமே இல்லை; எந்த வாய் ஒடுங்கிய பானையிலும் உட்காரும். தேங்காய் அங்கே தாராளம். விடுதிக்காரர் வீட்டில் எங்கள் துருவலை மாதிரியே ஒன்று இருந்தது. இரண்டாம் நாள் காலை புட்டு அவித்ததும் அக்கா அரிசிப் பையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். இடியப்ப உரலைத் தூக்கி வந்ததும் அவர்தான், அதை ஒருநாளும் வெளியே எடுக்கவில்லை.

சம்பலுக்கென்று அக்கா அரைக் கிலோ மாசிக் கருவாடு கட்டியிருந்தார். மாசி எங்கள் கடைகளுக்கு வருவதே மாலைதீவில் இருந்துதானே! கொல்லத் தெருவில் ஊசி விற்கப் போன கதை. அங்கே காலைச் சாப்பாடே சூரை மீனும் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் பச்சைமிளகாயும் பிசைந்த 'மாஸ் ஹுனி', தொட்டுக்கொள்ள றொட்டி. எங்கள் சம்பலுக்கு அது சித்தப்பா முறை. மீனுக்கும் தேங்காய்க்கும் குறைவில்லாத இடத்துக்கு டின் மீனும் தேங்காய்ப்பால் மாவும் கொண்டு போவது வீண்சுமை. மரக்கறிதான் வெளியில் இருந்து வருவதால் விலை. ஆனால் பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய் கட்டிக்கொண்டு போய்ச் சுங்கத்தில் விளக்கம் சொல்ல எனக்கு மனமில்லை. அக்கா கறிவேப்பிலையை நிழலில் உலர்த்தி மிளகாய்த்தூளுக்குள் போட்டு வந்திருந்தார். அது கெட்டித்தனம்.

உண்மையில் அக்காவின் 14 கிலோவில் தங்கம் என்றால் அந்த மிளகாய்த்தூள்தான். மல்லி, சோம்பு, சீரகம், வெந்தயம் சேர்த்து வறுத்து இடித்தது, வெறும் 300 கிராம். 5 நாளும் 8 பேருக்குப் போதுமாக இருந்தது. அந்தத் தீவில் எங்கும் அந்த வாசம் கிடைக்காது. நான் மறந்ததும் அதைத்தான்.

ஊறுகாயா மோர்மிளகாயா என்றால் மோர்மிளகாய். ஊறுகாய் திரவக் கணக்கில் வரும், கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் விடமாட்டார்கள். பெரிய பெட்டியில் போத்தல் கசிந்தால் உடுப்பெல்லாம் எண்ணெய். எண்ணெய்க்கும் இதே கதிதான்.

பெட்டியில் ஏறவே கூடாதவை சில. அம்மா பூசைக்கென்று கற்பூரமும் தீப்பெட்டியும் ஒரு சின்னப் பிள்ளையாரும் வைத்துவிட்டார். கற்பூரம் எளிதில் தீப்பற்றும் பொருள், விமானப் பொதிக்கு ஆகாது. பனஞ்சாராயத்தையும் பன்றி இறைச்சியையும் போலவே, வழிபாட்டுச் சிலைகளையும் உள்ளே கொண்டு வர மாலைதீவுச் சுங்கம் விடாது. பிள்ளையார் வீட்டிலேயே நின்றார். அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அடுப்புக்கென்று சின்ன எரிவாயுக் குப்பி கொண்டுபோகும் யோசனையும் வேண்டாம். மின்கேத்தில் போதும், ஆனால் அங்கே அனேகமாகச் சதுர மூன்று முள் பிளக். எங்கள் வீடுகளில் பலதும் உருண்டை முள். மாற்றுமுனை ஒன்று வாங்கி வையுங்கள். பவர் பாங்க் கைப்பையில்தான், 100 வாட்-மணிக்குள்.

கட்டும் பையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லிய சொப்பிங் பை, உறிஞ்சுகுழல் போன்ற ஒருமுறைப் பிளாஸ்ரிக் பலவற்றின் இறக்குமதியை 2021 யூனில் தடை செய்த நாடு அது. அக்கா ஒவ்வொன்றையும் சொப்பிங் பையில் சுற்றியிருந்தார். குப்பையை எங்கே போடுவது என்று தெரியாமல் திரும்பக் கொண்டு வந்தோம். துணிப்பையும் எவர்சில்வர் டப்பாவும் இங்கே வென்றன.

இதெல்லாம் மாஃபுஷி போல உள்ளூர் ஆட்கள் வாழும் தீவுக்கு, சமையலறை தருகிற விடுதிக்கு. நீர்விமானத்தில் போகிற உல்லாச விடுதி என்றால் கதை வேறு. அதில் வழமையாகப் பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, மேலே போனால் காசு. அங்கே மூன்று வேளைச் சாப்பாடும் கட்டணத்தோடு வந்தால் வடையும் மோர்மிளகாயும் தவிர எதுவும் தேவையில்லை. நோன்பு மாதத்தில் உள்ளூர்த் தீவுக்குப் போகிறவர்கள் மட்டும் அக்காவின் கட்சியில் சேருங்கள்: பகலில் சாப்பாட்டுக் கடை பூட்டு. மற்ற நாட்களிலும் தொழுகை நேரத்தில் கடை சாத்துவார்கள், வெள்ளி மதியம் கட்டாயம்.

திரும்பும்போது அக்காவின் பெட்டியில் 5 கிலோ அரிசியும் அப்படியே இருந்தது. விடுதிக்காரரின் மனைவிக்கு அதைக் கொடுத்தோம். அவர் பதிலுக்கு ஒரு கட்டு மாசி தந்தார். அக்கா தன் அரைக் கிலோவை அடியில் ஒளித்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார்.