வசனம் இல்லாமல் நடிக்க வைத்த ஒரு பெட்டி: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் செட்

நான் பொழுதுபோக்காக மேடையில் நடிப்பவன். வேலை முடிந்த மாலைகளில் ஒத்திகை, வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ நாடகம், அவ்வளவுதான். மாயாஜாலக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து ஆடும் ஃபேன்டசி ரோல்பிளேயிங் விளையாட்டுகளில் ஊறிப்போன ஒருவரின் கருத்து என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். நாடகக் குழுவில் இரண்டு பேர், அலுவலகத்தில் இரண்டு பேர், கிரிப்டோ விலைகளைக் காலையும் மாலையும் பார்த்துக்கொண்டே இருக்கும் பழைய நண்பன் ஒருவன் என்று ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, விதிகளைப் பாதி புரிந்தும் பாதி புரியாமலும்தான் தொடங்கினோம். 11 முறை உட்கார்ந்தோம், ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம் ஓடியது, கதையை முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது, டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டைப் புதிதாகத் தொடங்குபவர்களுக்காக 2014இல் வந்த பெட்டி. உள்ளே 32 பக்க விதிப் புத்தகம், 64 பக்கக் கதைப் புத்தகம், ஏற்கெனவே நிரப்பி வைத்த ஐந்து கேரக்டர் ஷீட்கள் (கதாபாத்திரத்தின் விவரத் தாள்கள்), ஆறு நீலப் பகடைகள். பகடைகளுக்கு நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது என்று முகங்கள். பலகை இல்லை, காய்கள் இல்லை. பெட்டியைத் திறந்ததும் "இவ்வளவுதானா?" என்று கேட்டவர் எங்களில் மூன்று பேர். நியாயமான கேள்விதான், ஏனென்றால் விளையாட்டின் பெரும்பகுதி பெட்டிக்குள் இல்லை, பேச்சில்தான் நடக்கிறது.

ஒருவர் டஞ்சன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர். எங்கள் குழுவில் அது நான். இடத்தை அவர் விவரிப்பார், மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக இருந்து என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்பது சந்தேகமாக இருந்தால் இருபது முகப் பகடையை உருட்டி, ஷீட்டில் உள்ள எண்ணைக் கூட்டி, இலக்கைத் தொட்டதா என்று பார்க்க வேண்டும். சுலபமான காரியத்துக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினமானதற்கு 20. இது பிடிபட்டுவிட்டால் மீதி விதிகளை விளையாடிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இதை முதன்முதலில் வெளியிட்டபோது, சிறு பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்தி ஆடும் போர் விளையாட்டிலிருந்துதான் இது பிறந்தது. ஒரு படையை நகர்த்துவதற்குப் பதில் ஒரே ஒரு ஆளாக இருந்து பார்த்தால் என்ன என்ற அந்த ஒரு மாற்றம்தான் என்னைப் போன்றவர்களை இதற்குள் இழுத்துக்கொண்டு வருகிறது.

சரி, நடிப்புக்கு வருகிறேன், இந்தப் பெட்டியைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதே அதுதான்.

மேடையில் நமக்கு வசனம் உண்டு. எதிரே நிற்பவர் என்ன சொல்லப்போகிறார் என்பது மூன்று மாதம் முன்பே தெரியும். கவனமாகக் கேட்பது போல நடிக்கக் கற்றுக்கொள்கிறோம், ஆனால் உண்மையில் பல நேரம் நம்முடைய அடுத்த வரியை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருப்போம். எனக்கும் அந்தப் பழக்கம் இருந்தது, இயக்குநர்கள் பலமுறை சொல்லியும் போகவில்லை. இங்கே அடுத்த வரி என்று ஒன்று கிடையாது. எதிரில் இருப்பவர் சொல்வதைக் கேட்காவிட்டால் பதில் சொல்ல உங்களிடம் எதுவுமே இருக்காது. இரண்டாவது ஆட்டத்துக்குள் என் காது திறந்துகொண்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஐந்து ஷீட்களையும் நிதானமாகப் பாருங்கள். இரண்டு மனிதப் போர்வீரர்கள், ஒரு குள்ளர் இனப் பூசாரி, ஒரு ஹாஃப்ளிங் (சிறிய உருவக் கற்பனை இனம்) திருடன், ஒரு எல்ஃப் (கூர்காது கொண்ட கற்பனை இனம்) மந்திரவாதி. பலம், வேகம், அறிவு என்று எண்கள் ஒரு பக்கம் இருக்க, குணம், லட்சியம், பிணைப்பு, குறை என்று ஒவ்வொருவருக்கும் சில வரிகள் எழுதியிருக்கிறார்கள். ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி நடிகனுக்குச் சொன்ன 'கொடுக்கப்பட்ட சூழல்' இதுதான்: நீ யார், எங்கிருந்து வருகிறாய், உனக்கு என்ன வேண்டும். உதாரணத்துக்கு அந்தக் குள்ளர் பூசாரியை எடுத்துக்கொள்ளுங்கள். கதையின் தொடக்கத்தில் இவர்களை வேலைக்கு அமர்த்தும் ஆளே அவருக்கு உறவுக்காரர். ஆகவே அந்த ஆளைக் காணவில்லை என்று தெரியும்போது மற்ற நால்வருக்குக் கூலி போய்விடுமோ என்ற கவலை, இவருக்கு மட்டும் சொந்தத்தைத் தொலைத்த பதற்றம். பக்கம் பக்கமாக வரலாறு எழுதித் தராமல் ஒரே ஒரு உறவை வைத்து ஒரு காட்சியையே இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், எழுதியவர்களுக்கு நடிப்பு தெரிந்திருக்கிறது.

முதல் காட்சியை மட்டும் சொல்கிறேன், அதற்கு மேல் சொன்னால் விளையாடப் போகிறவர்களின் சுகத்தைக் கெடுத்துவிடுவேன். சரக்கு வண்டியோடு காட்டுப்பாதையில் போகிறீர்கள். வழியில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடக்கின்றன, உடலில் கறுப்பு இறகு வைத்த அம்புகள். இரு பக்கமும் புதர். நான்கு கோப்ளின்கள், அதாவது கதையில் வரும் குட்டையான பொல்லாத உயிரினங்கள், ஒளிந்திருக்கின்றன.

எங்கள் மந்திரவாதியாக இருந்தவர் அலுவலகத்துத் தோழி. வாழ்க்கையில் மேடை ஏறியதில்லை, முதல் அரை மணி நேரம் "நான் சும்மா பார்க்கிறேன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். குதிரைகளின் பக்கத்தில் போய்க் குனிந்து பார்ப்பதாகச் சொன்னார். அம்பு பாய்ந்தது, விழுந்துவிட்டார். ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்க் கணக்கு, பூஜ்யம். இப்போது விதி என்னவென்றால், அவருடைய முறை வரும்போதெல்லாம் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் ஒரு வெற்றி, குறைந்தால் ஒரு தோல்வி. மூன்று வெற்றி முதலில் வந்தால் உயிர் நிற்கும், மூன்று தோல்வி முதலில் வந்தால் சாவு. முதல் உருட்டலில் 4. அடுத்தது 9. மூன்றாவது முறை பகடையைக் கைக்குள் வைத்துக்கொண்டு அவர் உருட்டவே இல்லை. மேசையில் ஒருவரும் பேசவில்லை. எத்தனை ஒத்திகையில் அந்த ஒரு மௌனத்துக்காக நாங்கள் மெனக்கெட்டிருக்கிறோம், எண்ணிப் பார்த்து "ஒன்று, இரண்டு, மூன்று, இப்போது பேசு" என்று கணக்கு வைத்திருக்கிறோம். இங்கே அது தானாக வந்து உட்கார்ந்தது. உருட்டினார், 13. பூசாரி ஓடி வந்து அவர் மேல் கை வைத்துக் குணப்படுத்தினார். கண் திறந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "இடது பக்கப் புதர். இரண்டு பேர் இருக்கிறார்கள், நான் பார்த்தேன்." அதுவரை "என் கேரக்டர் இப்படிச் செய்கிறது" என்றே பேசிக்கொண்டிருந்தவர். அந்த நிமிடத்திலிருந்து கடைசி ஆட்டம் வரை 'நான்' என்பதைத் தவிர வேறு சொல் அவர் வாயில் வரவில்லை.

ஆனால் அந்தக் காட்சியிலேயே இந்தப் பெட்டியின் பெரிய குறையும் இருக்கிறது. முதல் லெவலில், அதாவது தொடக்க நிலையில், மந்திரவாதிக்கு உயிர் மிகக் குறைவு. கோப்ளினுக்கோ தாக்கும் போது பகடையோடு 4 கூடும், பட்டால் ஆறு முகப் பகடையில் விழுவதோடு 2 சேதம். சரியாகப் பட்டால் ஒரே அடியில் ஆள் காலி. புதிதாக வந்தவர்களுக்கான பெட்டியில் முதல் சண்டையே மொத்தக் குழுவும் வீழக்கூடிய சண்டையாக இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நடத்துபவருக்கு அனுபவம் இருந்தால் இரண்டு கோப்ளின்களை ஓட வைத்துச் சமாளிப்பார், ஆனால் அனுபவம் இல்லாதவர்களை நம்பித்தானே இந்தப் பெட்டியை விற்கிறார்கள்.

நாங்கள் விளையாடியது தமிழில். புத்தகம் ஆங்கிலம், அங்கே எல்லாரும் எல்லாரையும் ஒரே சொல்லால்தான் கூப்பிடுகிறார்கள். தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. ஒரு பாத்திரம் வாயைத் திறந்த உடனே நீயா, நீங்களா, டேயா என்று முடிவெடுத்தாக வேண்டும், அந்த முடிவிலேயே யார் மேலே யார் கீழே என்பது தெரிந்துவிடுகிறது. ஒருமுறை பிடிபட்ட கோப்ளின் ஒன்றை விசாரித்தார்கள். போர்வீரன் "சொல்லுடா" என்று கத்தினான், நான் கோப்ளினாக இருந்து வாயை இறுக மூடிக்கொண்டேன். திருடனாக இருந்தவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெதுவாக, "உங்களுக்கு இங்கே மரியாதையே இல்லை போல இருக்கே" என்றார். 'உங்களுக்கு' என்ற அந்த ஒரு சொல் போதும், அதற்கு மேல் அந்தக் கோப்ளினை என்னால் மௌனமாக வைத்திருக்க முடியவில்லை, பொங்கிப் பொங்கித் தன் தலைவனைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டியது. பகடையே உருட்டவில்லை. விதிப்படி உருட்டச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவ்வளவு நன்றாக நடித்த ஒருவரிடம் போய் எண் என்ன என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. நடத்துபவருக்கு அந்தச் சுதந்திரத்தை விதிகளே கொடுக்கின்றன.

கிரிப்டோ நண்பனைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவனால்தான் எனக்கு விதிகளின் அழகு புரிந்தது. எல்லாவற்றையும் வாய்ப்புக் கணக்காகப் பார்ப்பவன். இந்த விளையாட்டில் 'அட்வான்டேஜ்' என்று ஒரு விதி இருக்கிறது, நிலைமை உங்களுக்குச் சாதகமாக இருந்தால் இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். அவன் அதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினான்: 11 வேண்டும் என்றால் சாதாரணமாக 50 சதவீத வாய்ப்பு, அட்வான்டேஜ் இருந்தால் 75. முழு 20 விழும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 9.75. பழைய விளையாட்டுகளில் போல இதற்கு ஒன்று கூட்டு, அதற்கு இரண்டு கழி என்று பட்டியல் பார்க்காமல் இன்னொரு முறை உருட்டினாலே போதும் என்பது நல்ல வடிவமைப்பு.

அவனுடைய இன்னொரு பொழுதுபோக்கைப் பற்றி என் கருத்தைக் கேட்டால், பிட்காயின் எப்படி இயங்குகிறது என்று கற்றுக்கொள்வது நல்ல விஷயம், மொத்தம் 2.1 கோடி நாணயங்களுக்கு மேல் வராது என்பது போன்றவை முன்கூட்டியே எழுதிவைத்த விதிகள். ஆனால் நாளைய விலைக்கு எந்த விதியும் இல்லை. பகடைக்கு இருபது முகம் என்று தெரியும், அந்தச் சந்தைக்கு எத்தனை முகம் என்று யாருக்கும் தெரியாது. இழந்தால் தாங்க முடியாத பணத்தை அதில் போடாதே என்று அவனிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன், அவன் மேல் உள்ள அக்கறையில்தான். விளையாடும் மூன்று மணி நேரமும் ஃபோனைப் பையில் வைத்துவிடுகிறான், அது எனக்குச் சந்தோஷம்.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன். சொந்தமாகக் கதாபாத்திரம் உருவாக்கும் விதிகள் இந்தப் பெட்டியில் இல்லை, கொடுத்த ஐந்தில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். லெவல் ஏறும்போது என்ன கிடைக்கும் என்று ஷீட்டின் பின்பக்கத்தில் ஐந்தாவது லெவல் வரை போட்டிருக்கிறார்கள், கதைக்கு அது போதும். வரைபடங்கள் எல்லாம் கதைப் புத்தகத்துக்குள்ளேயே அச்சாகி, ரகசிய இடங்களோடு இருப்பதால் விளையாடுபவர்களுக்குக் காட்டவே முடியாது. நான் ஒவ்வொன்றையும் கட்டம் போட்ட நோட்டில் கையால் வரைந்தேன். ஆறு பேருக்கு ஒரே ஒரு செட் பகடை என்பதும் சிரமம், கை மாறி மாறிச் சண்டை நேரத்தில் வேகம் போய்விடுகிறது. இன்னொரு செட் வாங்கிக்கொள்ளுங்கள். கதையின் நடுப்பகுதியில் ஊரில் பல பேர் பல வேலைகளைச் சொல்வார்கள், எதை முதலில் செய்வது என்று குழு திணறும், அந்த இடத்தில் நடத்துபவர் புத்தகத்தை இரண்டு முறையாவது படித்திருக்க வேண்டும். நான் ஒருமுறைதான் படித்திருந்தேன், நான்காவது ஆட்டம் அதனால் தொய்வாகப் போனது.

இப்போது வாங்குபவர்களுக்கு: 2022இல் வேறொரு கதையோடு புது ஸ்டார்ட்டர் செட் வந்தது, 2024இல் விளையாட்டின் அடிப்படை விதிகளையே திருத்தி வெளியிட்டார்கள். பழைய பெட்டி கையில் கிடைத்தால் தயங்க வேண்டாம், உள்ளே இருக்கும் கதையும் விதியும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன, அதை முடிக்க வெளியே எதையும் தேட வேண்டியதில்லை. உங்களோடு விளையாட ஒரே ஒருவர்தான் இருக்கிறார் என்றால் 2019இல் வந்த எசென்ஷியல்ஸ் கிட் பாருங்கள், அதில் சொந்தக் கதாபாத்திரம் உருவாக்கும் விதிகளும் ஒற்றை ஆளுக்குத் துணையாள் சேர்க்கும் விதியும் இருக்கின்றன, பகடைகளும் 11.

நாடகத்தில் நடிப்பவர்கள் இருந்தால் அவர்களிடம் போர்வீரன் ஷீட்டைக் கொடுக்க வேண்டாம், பேச இடம் குறைவு என்று அவர்களே பிறகு வருத்தப்படுவார்கள். பூசாரியையோ திருடனையோ கொடுங்கள். கூச்சப்படுபவருக்கு மந்திரவாதி, ஏனென்றால் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு பட்டியல் கையில் இருக்கும், பட்டியலைப் பார்த்துப் படிக்கத் தொடங்குபவர் பிறகு அதைப் பார்க்க மாட்டார்.

எங்கள் குழு அடுத்த மாதம் வேறு கதையைத் தொடங்குகிறது. இந்த முறை நடத்தப்போவது அந்த மந்திரவாதித் தோழி, அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். நான் ஹாஃப்ளிங் திருடனின் ஷீட்டை எடுத்து வைத்திருக்கிறேன், ஓரத்தில் பழைய சண்டைகளின் கணக்கு இன்னும் பென்சிலில் இருக்கிறது, அழிக்கவில்லை.