ஈஐஎஸ்: கட்டை உலகம் ஒன்று, ஓட்டும் மொழி இரண்டு

ஏஜெண்ட் என்றால் சூழலைப் பார்த்துத் தானே முடிவெடுத்து இயங்கும் நிரல். அதை எழுதவென்றே உள்ள மொழிகளில் இரண்டு, ஜேசனும் கோலும். ஜேசன் மொழியில் எழுதிய ஏஜெண்ட் ஒன்றை கோல் மொழியிலும் எழுதிப் பார்க்க வேண்டியிருந்தது. ஏஜெண்டைத் திரும்ப எழுதுவது சரி, அது தெரிந்த வேலை. அது கட்டை அடுக்கும் உலகத்தையும் திரும்ப எழுத வேண்டுமா என்ற அலுப்பில்தான் ஈஐஎஸ் பக்கம் வந்தேன். விரித்தால் என்விரான்மென்ட் இன்டர்ஃபேஸ் ஸ்டாண்டர்ட், எந்த மொழி ஏஜெண்டையும் அது இயங்கும் சூழலோடு இணைக்கும் பொது இடைமுகம். கணினி அறிஞர் யோவ் ஷோஹாம் 1990களின் தொடக்கத்தில் ஏஜெண்ட் நிரலாக்கம் என்ற இந்தத் துறைக்குப் பெயர் வைத்ததிலிருந்து மொழிகள் பெருகியபடியே இருக்கின்றன. ஆளுக்கொரு சூழல், ஆளுக்கொரு கருவி.

ஈஐஎஸ்ஸில் உலகத்தை ஜாவாவில் ஒரு தடவை எழுதி ஜார் கோப்பாக, அதாவது ஜாவா நிரலின் ஒற்றைப் பொதியாக, கட்டினால் போதும். ஏஜெண்ட் வேறு, உலகத்தில் அது ஆட்டிவைக்கும் உடல் வேறு. இரண்டையும் கோத்துவிட வேண்டும். முதல் நாள் கோக்க மறந்துவிட்டு, ஏஜெண்டுக்கு ஏன் கண்ணே தெரியவில்லை என்று அரை மணி நேரம் தேடினேன். ஆனாலும் இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்தது. ஒரே உடலை இரண்டு ஏஜெண்டுகளிடம் கொடுத்து வேடிக்கை பார்க்கலாம்.

கோல் ஜாரை அப்படியே எடுத்துக்கொண்டது. ஜேசனுக்கும் ஜாருக்கும் நடுவில் ஒரு ஜாவா வகுப்பு (கிளாஸ்) எழுதினேன், 100 வரிகூட வரவில்லை.

அப்புறம்தான் வினை. ஜேசனில் ஒழுங்காக ஓடிய அதே உலகத்தில், கோல் ஏஜெண்ட் தான் தூக்கிய கட்டை இன்னும் மேசையில்தான் இருக்கிறது என்று நம்பி, மறுபடி மறுபடி அதையே எடுக்கப் போனது. ஜாரைப் பிரித்து மேய்ந்தேன், அதில் ஒன்றுமில்லை. ஜேசன், கண்ணில் இப்போது படாததை நம்பிக்கைப் பட்டியலிலிருந்து தானே அடித்துவிடும். கோலில் சேர்க்கவும் நீக்கவும் விதியை நாம் எழுத வேண்டும். நான் சேர்க்கும் விதியோடு நிறுத்தியிருந்தேன். தப்பு என்னுடையதுதான்.

அதைக் கண்டுபிடித்த விதம்தான் கொடுமை. ஒரு பக்கம் ஏஜெண்டின் மனதைத் திறந்து காட்டும் ஜேசனின் மைண்ட் இன்ஸ்பெக்டர், மறுபக்கம் நிரல் எழுதும் மென்பொருளான எக்லிப்ஸில் பிழை தேடும் கோல் டீபக்கர், நடுவில் என் கழுத்து. உலகத்தைப் பொதுவாக்கிய ஈஐஎஸ், "ஏன் இதைச் செய்தாய்?" என்று கேட்கும் கருவியைப் பொதுவாக்கவில்லை, அது அதன் வேலையும் அல்ல. பொது டீபக்கர் ஒன்றைக் கட்டலாமா என்று நானும் தாளில் வரைந்து பார்த்தேன். ஜேசனில் ஏஜெண்ட் கையில் எடுத்த திட்டங்கள் அடுக்கடுக்காக நிற்கும், சுற்றுக்கு ஒரு படி நகரும். கோலில் அந்த அடுக்கே கிடையாது, இலக்கும் விதியும்தான். அப்படியானால் பொது டீபக்கரில் அடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் கோலுக்கு எதைக் காட்டுவது? தாள் இன்னும் மேசையில்தான் கிடக்கிறது.

ஒரே மொழியோடு இருப்பவர்களுக்கு இது தேவையில்லை, ஜேசனின் சொந்தச் சூழல் வகுப்பே போதும். 2005இல் தொடங்கிய மல்டி ஏஜெண்ட் புரோகிராமிங் போட்டிக்குப் போகிறவர்கள் யோசிக்கவே வேண்டாம், போட்டித் தொகுப்பிலேயே ஈஐஎஸ் வழி இணைப்பு இருக்கிறது.

நான் இப்போது அதே ஜாரை 2ஏபிஎல் என்ற இன்னொரு ஏஜெண்ட் மொழியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். முதல் சோதனை, கட்டையைத் தூக்கியதும் ஏஜெண்ட் மேசையை மறக்கிறதா என்பதுதான்.