விமான நிறுவனம் பணத்தைத் திருப்பிவிட்டதாம், உங்கள் கணக்குக்குத்தான் வரவில்லையாம்

டிராவல் இணையதளம் வழியாக விமான டிக்கெட் எடுக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு எடுங்கள். விமானம் ரத்தானால் பெரும்பாலும் பணம் முதலில் போய்ச் சேருவது அந்த இணையதளத்தின் கணக்குக்கு. அங்கிருந்து அது உங்கள் வங்கிக்கு எப்போது வரும், எவ்வளவு வெட்டுப்பட்டு வரும், பணமாக வருமா வாலட் புள்ளியாக வருமா என்பதெல்லாம் அவர்கள் மனம் வைத்தால்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்பார்களே, அந்தக் கதை. கொரோனா காலத்தில் எங்கள் வீட்டுப் பணம் 41,000 ரூபாய் இப்படித்தான் சிக்கிக்கொண்டது.

அப்பாவும் அம்மாவும் காசிக்குப் போக வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அக்கா டெல்லியில் இருக்கிறாள். கோவையிலிருந்து டெல்லிக்குப் போய் அவள் வீட்டில் தங்கிவிட்டு அங்கிருந்து காசிக்கு ரயிலில் போவதாகத் திட்டம். 2020 பிப்ரவரியில், மே மாத நடுவில் கிளம்புவதற்கு ஐந்து பேருக்குப் போக வர டிக்கெட் எடுத்தேன். மார்ச் 25-ஆம் தேதி உள்நாட்டு விமானங்கள் நின்றன.

ஏப்ரல் 16-ஆம் தேதி மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் என்று தொலைக்காட்சியில் ஓடியதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அறிவிப்பை முழுதாகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மார்ச் 25-க்கும் ஏப்ரல் 14-க்கும் இடையில், அதாவது ஊரே அடைத்துக் கிடந்த நாட்களில், மே 3 வரையிலான பயணத்துக்கு டிக்கெட் எடுத்தவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. நோய் வரும் என்று யாருக்கும் தெரியாத காலத்தில் முன்கூட்டியே பணம் கட்டியவர்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. எங்களுக்கு வந்தது ஒரு குறுஞ்செய்திதான்: உங்கள் தொகை கிரெடிட் ஷெல்லில் பத்திரமாக உள்ளது. அதாவது பணத்தைத் திருப்பாமல், பின்னால் டிக்கெட் எடுக்கப் பயன்படும் வரவாக அவர்களிடமே வைத்துக்கொள்வது. எங்கள் பணத்தை எங்களைக் கேட்காமலே எடுத்து வைத்துக்கொண்டு பத்திரமாக உள்ளது என்கிறார்கள்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 அக்டோபர் 1-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஊரடங்குக்கு முன்பே எடுத்த டிக்கெட்டுகளுக்கும் அதில் வழி சொல்லப்பட்டிருந்தது. 15 நாட்களுக்குள் பணத்தைத் திருப்ப விமான நிறுவனங்கள் முயல வேண்டும். நிதி நெருக்கடியில் இருந்தால் கிரெடிட் ஷெல்லாகத் தரலாம். அதை 2021 மார்ச் 31 வரை எந்த வழித்தடத்திலும் பயன்படுத்தலாம், வேறு ஒருவருக்கு மாற்றியும் கொடுக்கலாம். அதுவரை அதன் மதிப்பு 2020 ஜூன் வரைக்கும் மாதம் 0.5 சதவீதமும் அதன் பிறகு மாதம் 0.75 சதவீதமும் கூட வேண்டும். எங்கள் தொகைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது.

தீர்ப்பில் இன்னொரு வரியும் இருந்தது. ஏஜென்சி வழியாக, அதாவது டிராவல் இணையதளம் போன்ற இடைத்தரகர் வழியாக, எடுத்த டிக்கெட்டின் கிரெடிட்டை அதே ஏஜென்சி வழியாகத்தான் பயன்படுத்த முடியும். கெடு முடிந்தும் பயன்படுத்தாமல் கிடந்தால், விமான நிறுவனத்துக்கு எந்தக் கணக்கிலிருந்து பணம் வந்ததோ அந்தக் கணக்குக்கே அது திரும்பும். நான் என் வங்கி அட்டையில் கட்டியிருந்தாலும் விமான நிறுவனத்துக்குப் பணம் போனது இணையதளத்தின் கணக்கிலிருந்து. ஆகத் திரும்பியதும் அங்கேதான்.

கெடுவுக்குள் அந்தக் கிரெடிட்டைப் பயன்படுத்திவிடலாம் என்று பார்த்தால் இணையதளத்தில் அதற்கு ஒரு பொத்தான் கூட இல்லை. தொலைபேசியில் அழைத்தால்தான் நடக்கும் என்றார்கள். அழைத்தால் பாட்டு. பாட்டு முடிந்து ஆள் வந்தால், அதே ஐந்து பேரும் ஒரே நாளில் போக வேண்டும் என்றார் ஒருவர். அப்படி எந்த நிபந்தனையும் தீர்ப்பில் கிடையாது என்றேன். "மேலிடத்தில் கேட்டுவிட்டு நாங்களே அழைக்கிறோம் சார்" என்றார். அழைக்கவில்லை. எழுபதைத் தாண்டிய பெற்றோரை அந்த நேரத்தில் விமானத்தில் ஏற்றும் தைரியமும் எனக்கு இல்லை. நடு இருக்கைக்காரர்களுக்கு மேலங்கியும் எல்லோருக்கும் முகத்தடுப்பும் கொடுத்து உட்கார வைத்த காலம் அது. மார்ச் முடிந்தது, இரண்டாம் அலை வந்தது. அதன் பிறகு இதைப் பற்றி நினைக்க யாருக்கு நேரம் இருந்தது?

மீண்டும் கேட்க ஆரம்பித்தபோது இணையதளத்திலிருந்து எப்போதும் ஒரே பதில்தான் வந்தது: "விமான நிறுவனத்திடமிருந்து தொகை இன்னும் பெறப்படவில்லை. பெற்றவுடன் தங்களுக்கு அனுப்பப்படும்." எழுத்துப் பிழை உட்பட ஒவ்வொரு மின்னஞ்சலும் அச்சு மாறாமல் அதுவேதான். விமான நிறுவனத்தைக் கேட்டால், ஏஜென்சியைக் கேளுங்கள் என்று கைவிரித்தார்கள்.

இந்த இடத்தில் எனக்கு உதவியதைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டை யாரிடம் எடுத்திருந்தாலும் விமான நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய், பயணத்தை நிர்வகிக்கும் பகுதியில் ஆறெழுத்து பிஎன்ஆர் எண்ணையும் பயணியின் பெயரையும் போட்டுப் பாருங்கள். நான் போட்டபோது பயணம் ரத்து என்று சிவப்பில் வந்தது. அதற்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எழுத்தில் இருப்புத் தொகை சுழியம் என்றும், கட்டண விவரத்தைத் திறந்தால் முழுத் தொகையும் ஏஜென்சிக் கணக்குக்குத் திருப்பப்பட்டது என்றும் இருந்தது. பக்கத்திலேயே தேதியும் போட்டிருந்தது. இணையதளத்துக்காரர்கள் "இன்னும் பெறப்படவில்லை" என்று எனக்கு எழுதிய கடைசி மின்னஞ்சல் அந்தத் தேதிக்குப் பல மாதங்கள் பின்னால் வந்தது! எங்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். அதுவரை கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த புகார் அன்று மாலையே அசைந்தது. மறுநாள் என் கணக்கில், வங்கிக் கணக்கில் இல்லை, அவர்களுடைய வாலட்டில், முப்பத்தாறாயிரத்துச் சொச்சம் புள்ளிகள் ஏறியிருந்தன. வசதிக் கட்டணம் என்றும் சேவைக் கட்டணம் என்றும் மீதியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் புள்ளிகளையும் மூன்று மாதத்துக்குள், அவர்களிடமே, ஒரு டிக்கெட்டுக்கு இவ்வளவுதான் என்ற வரம்புக்குள் செலவழிக்க வேண்டுமாம். ரத்து செய்தது நான் இல்லை, விமானமே பறக்கவில்லை. பிறகு எந்தச் சேவைக்குக் கட்டணம்?

இதற்கு நடுவில் வேறொரு ஆபத்து வீட்டு வாசல் வரை வந்துவிட்டுப் போனது. என் அலைச்சலைப் பார்த்த அப்பா, தானே பேசிப் பார்ப்போம் என்று கூகுளில் அந்த விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடி அழைத்திருக்கிறார். பாட்டு இல்லை, காத்திருப்பு இல்லை, உடனே ஆள் வந்துவிட்டார். அழகான தமிழ். "ஐயா, உங்கள் பணம் தயாராக இருக்கிறது, ஒரு செயலியைப் பதிவிறக்கினால் போதும், பத்து நிமிடத்தில் கணக்கில் ஏறிவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அது நம் கைபேசித் திரையை அவர்களுக்குக் காட்டும் செயலி. அப்பா அதைப் பதிவிறக்கியும் விட்டார். திரையில் வரும் ஒன்பது இலக்க எண்ணைப் படித்துச் சொல்லச் சொன்னபோது கண்ணாடியை எடுக்க உள்ளே வந்தார். நான் பார்த்துவிட்டதால் பணம் தப்பியது. எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் இதே போன்ற அழைப்பில் ஓய்வூதியக் கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

ரீஃபண்ட் வராமல் லட்சக்கணக்கானோர் தவித்த காலத்தில் இந்தத் திருடர்களுக்கு நல்ல அறுவடை. விமான நிறுவனங்களின் பெயரில் போலி எண்களை வரைபடத்திலும் தேடல் பக்கங்களிலும் ஏற்றிவைத்தார்கள், இன்றும் வைக்கிறார்கள். சமூக ஊடகத்தில் நிறுவனத்தைத் திட்டி ஒரு வரி போட்டால் போதும், அதே சின்னத்துடன் ஒரு போலிக் கணக்கு வந்து, வருந்துகிறோம், எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள் என்று கேட்கும். பிஎன்ஆர் எண்ணையோ போர்டிங் பாஸ் படத்தையோ பொதுவெளியில் போடாதீர்கள். உதவி எண் வேண்டுமானால் நிறுவனத்தின் இணையதள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து அங்கிருந்து எடுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நிமிடமே 1930-ஐ அழையுங்கள். இணையவழிப் பண மோசடிகளுக்கான அரசு எண் அது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு அதிகம்.

வாலட் புள்ளிகள் வேண்டாம், பணம்தான் வேண்டும் என்று எழுதிவிட்டு, அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதிந்தேன். விமான நிறுவனம் வழக்கம்போல ஏஜென்சிக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் எழுதிப் புகாரை முடிக்கப் பார்த்தது. அப்போதுதான் டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் விதியை எடுத்துப் படித்தேன். ஏஜென்சி என்பது விமான நிறுவனத்தின் பிரதிநிதி, அதனால் ஏஜென்சி வழியாக எடுத்த டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பும் பொறுப்பு விமான நிறுவனத்துடையதே. அதற்கு அப்போது இருந்த கெடு 30 வேலை நாட்கள். பணத்தைக் கிரெடிட்டாக வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பது பயணியின் விருப்பம் என்றும் அதே விதியில் இருக்கிறது. அந்த வரிகளை அப்படியே எடுத்துப் போட்டு மறுபடி எழுதினேன். இருவரும் ஒருவரையொருவர் கை காட்டுவது அத்துடன் குறைந்தது.

பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிந்தேன். அதிலும் பாதிக் கிணறுதான் தாண்டியது. கடைசியில் விமான நிறுவனம், இணையதளம் இரண்டுக்கும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக அதில் எழுதியிருந்தேன். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், அவர்களுடைய தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் கவலையில்லை. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பொதுவாக இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கொரோனா காலத்தில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை அந்தக் கெடுவில் சேர்க்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததால் எனக்குக் கெடு தாண்டவில்லை. இன்று பணம் சிக்கியவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை, தள்ளிப்போடாதீர்கள். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த சில நாட்களிலேயே வங்கிக் கணக்கில் பணம் விழுந்தது. வசதிக் கட்டணம் மட்டும் வரவே இல்லை.

கொரோனா போன பிறகு மாறிவிட்டதா என்றால், ருசி கண்டவர்கள் அவ்வளவு எளிதில் விடுவார்களா? கவுண்டரில் போர்டிங் பாஸ் வாங்கினால் தனிக் கட்டணம் என்று வசூலித்தார்கள், 2022 ஜூலையில் அமைச்சகம் தலையிட்டு அது கூடாது என்றது. வெப் செக்-இன் செய்யும்போது எல்லா இருக்கைக்கும் விலை போட்டுக் காட்டி, காசு கொடுக்காமல் நகரவே முடியாது போலத் தோன்ற வைப்பது இன்றும் நடக்கிறது. தேர்வு செய்யாமல் தாண்டிப்போகும் வழி அந்தப் பக்கத்தின் ஏதோ ஒரு மூலையில் மங்கிய எழுத்தில் இருக்கும், பொறுமையாகத் தேடுங்கள்.

பலர் கோட்டை விடுவது வரியில்தான். சலுகை விலை டிக்கெட்டை நாமே ரத்து செய்தால் ஒரு பைசா கிடைக்காது என்று இணையதளங்கள் சொல்லும். அது உண்மையில்லை. அடிப்படைக் கட்டணம் போனாலும், அரசு வரியும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணமும் திரும்பியாக வேண்டும். டிக்கெட்டை ரத்து செய்யாமலே பயணத்தைத் தவறவிட்டாலும் அதே விதிதான். குடும்பமாகப் போகிறவர்களுக்கு அது ஆயிரக்கணக்கில் வரும். கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை.

இப்போதெல்லாம் நூறு இருநூறு கூடுதலாக இருந்தாலும் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில்தான் எடுக்கிறேன். அதிலும் நிறுவனமே மூழ்கிப்போனால் செய்வதற்கு ஒன்றுமில்லை. 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் பறப்பதை நிறுத்தித் திவால் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, நேரடியாக எடுத்தவர்களின் பணமும்தான் மாட்டிக்கொண்டது.

என்னை அலைக்கழித்த இணையதளத்தின் பெயரைக் கேட்டுத் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், சொல்லப் போவதில்லை. அந்த ஒன்றைத் தவிர்த்துவிட்டு வேறொன்றில் எடுத்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வழியும் இல்லை. 2024 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒரு பெரிய டிராவல் தளத்துக்குப் பிறப்பித்த உத்தரவில், 2021-இல் 36,000-க்கும் மேற்பட்ட முன்பதிவுகளுக்கு 26 கோடி ரூபாய்க்கும் மேல் அங்கே நிலுவையில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறது. உத்தரவு வந்த நாளில் கூடச் சுமார் இரண்டரைக் கோடி பாக்கி. உங்களுடைய பழைய பிஎன்ஆர் எண் மின்னஞ்சலில் எங்காவது கிடந்தால் தேடி எடுத்துப் போட்டுப் பாருங்கள். பக்கம் திறந்தால், எதைக் கேட்பதற்கும் முன் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.