நோவாவின் பேழை: அட்டையா, மரச்சட்டமா?

இங்கிலாந்தின் திருச்சபைத் தொடக்கப்பள்ளிகளில் வடிவமைப்பு-தொழில்நுட்ப வகுப்புக்கு, பைபிளில் வரும் நோவாவின் பேழையை (பெரிய மரக்கலம்) மாதிரியாகச் செய்ய எடுத்தால் முதலில் வரும் குழப்பம் இதுதான். அளவை ஆதியாகமம் 6:15 கொடுத்துவிடுகிறது: நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30. பத்து முழத்துக்கு 2 செ.மீ. வைத்தால் 60, 10, 6 செ.மீ. கணக்குப் பாடமும் கூடவே முடிந்தது!

செலவு
அட்டை: பழைய பெட்டி போதும்.
மரம்: ஒரு பேழைக்குச் சுமார் 3 மீட்டர் சட்டம். கோணலாக அறுத்து வீணாவது தனிக்கணக்கு.

உறுதி
அட்டை: உள்ளே நெளிவு ஓடும் வாக்கில் சட்டென்று மடங்கிவிடும். நெளிவு நீளவாக்கில் ஓடும்படி வெட்டாவிட்டால் 60 செ.மீ. சுவர் நடுவில் தொய்யும்.
மரம்: 1 செ.மீ. சதுரச் சட்டம், மூலைகளில் அட்டை முக்கோணம் ஒட்டினால் அசையாது. அங்கே இதை ஜிங்க்ஸ் சட்டம் என்பார்கள்.

சுலபம்
அட்டை: கத்தரிக்கோலும் பசையும்.
மரம்: சின்ன ரம்பம், பக்கத்திலேயே ஒரு பெரியவர்.

ஆறேழு வயதுக்கு அட்டையே சரி. ஒன்பது வயதுக்கு மேல், அதுவும் சக்கரம் வைத்து உருட்டப்போகிறார்கள் என்றால், நான் மரத்துக்குத்தான் போவேன். நேரம் குறைவா? அடிச்சட்டம் மட்டும் மரத்தில், மேலே அட்டை.