பர்கண்டியில் ஒயின் வாங்கப் போகிறவர்களுக்கு: போன் நகரத்து நிலவறையில் நான் ஏமாந்தது

பிரான்சில் பர்கண்டிப் பக்கம் போகிறவர்கள், அதிலும் யாருக்காவது பரிசாக ஒயின் வாங்கிவர நினைப்பவர்கள், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். போன மாதம் போன் நகரத்தின் பழைய ஊருக்குள் ஒரு கடையில் 348 யூரோ கொடுத்து ஆறு பாட்டில் வாங்கினேன். அதில் என் பங்கு 32 யூரோ. மீதி என்னோடு வேலை செய்யும் பத்துப் பேர் நம்பிக் கொடுத்த காசு. அதனால்தான் மனசு இன்னும் ஆறவில்லை.

ஊர்ப் பெயரை 'போன்' (Beaune) என்றுதான் சொல்ல வேண்டும், தொலைபேசியைச் சொல்கிற மாதிரி அல்ல, ஆங்கிலத்தில் எலும்பைச் சொல்கிற 'bone' மாதிரி. எழுத்தைப் பார்த்து வேறு மாதிரி சொன்னால் ரயில் நிலையத்தில் யாருக்கும் புரியாது.

லியோனில் எங்கள் ஆய்வகத்தின் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார். நான் பிரெஞ்சு சரியாகப் பேசவராத காலத்தில், என் தப்பான வாக்கியங்களைப் பொறுமையாகக் கேட்டு வேலை கற்றுக்கொடுத்தவர். பர்கண்டி சிவப்பு ஒயின் என்றால் அவருக்கு உயிர். பதினொரு பேர் சேர்ந்து 350 யூரோ திரட்டினோம். அந்த வாரம் திருச்சியிலிருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டின மாதிரியும் ஆகும், ஒயினை அது விளையும் இடத்திலேயே வாங்கின மாதிரியும் ஆகும் என்று ஒரு சனிக்கிழமை காலை ரயிலேறினோம். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ஊரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். திராட்சைச் சரிவுகளுக்கு அடியில் கோட்டை மதிலுக்குள் அடங்கிய சின்ன ஊர். சனிக்கிழமை சந்தை களைகட்டியிருந்தது. எதிரே ஓத்தெல்-தியூ என்கிற பழைய மருத்துவமனை. பர்கண்டிக் கோமகனின் முதலமைச்சராக இருந்த நிக்கோலா ரோலினும் அவர் மனைவி கிகோன் த சலினும் 1443இல் ஏழைகளுக்காகத் தொடங்கியது. தெருவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறக் கூரைதான் தெரியும். முற்றத்துக்குள் நுழைந்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை, பழுப்பு என்று மெருகேற்றிய ஓடுகள் கோலம் போட்ட மாதிரி விரிகின்றன. அக்கா அப்படியே நின்றுவிட்டாள். 1971 வரை நோயாளிகள் படுத்திருந்த இடம் அது என்றதும் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவளுக்குக் கண் கலங்கியது. உள்ளே ரோகியே வான் தெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்ப்பு ஓவியம். நடுவில் தேவதூதர் தராசு பிடித்து நிற்பார். அதைப் பார்க்கவாவது ஒரு முறை போக வேண்டும். என்ஜினியரிங் டிராயிங்கோடு மல்லுக்கட்டியவர்கள் மோன்ஜ் சதுக்கத்துக்கும் போய் வாருங்கள். அந்தப் பாடத்துக்கு அடித்தளம் போட்ட கஸ்பார் மோன்ஜ் 1746இல் பிறந்தது இந்த ஊரில்தான். சிலை இருக்கிறது.

மதியச் சாப்பாட்டிலேயே ஒரு சின்ன இழப்பு. கேட்காமலே பாட்டில் தண்ணீரைத் திறந்து வைத்துக் கணக்கில் 6 யூரோ ஏற்றினார்கள். பிரான்சில் சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் ஒரு குடுவை இலவசம், அது சட்டம். உட்கார்ந்தவுடன் 'யுன் கராஃப் தோ' என்று கேட்டுவிடுங்கள்.

இனி கடை. புகார் நிலுவையில் இருப்பதால் பெயரும் தெருவும் எழுதவில்லை. பழைய ஊருக்குள், நிலவறை வைத்த கடை. வாசலில் 'ருசி பார்க்க இலவசம்' என்று பலகை. கல் படி இறங்கினால் சில்லென்று ஈரமண் வாசனை, வரிசையாக மரப் பீப்பாய்கள், மெழுகுவத்தி வெளிச்சம். விற்பனையாளர் நல்ல ஆங்கிலம் பேசினார். துணி சுற்றிய பாட்டிலிலிருந்து மூன்று சிவப்பு ஒயின் ஊற்றினார். அக்கா தொடவில்லை, அத்தான் நாக்கில் நனைத்தார். மூன்றாவது உண்மையிலேயே நன்றாக இருந்தது. "இது கிரான் க்ரூ, போன் கிரான் க்ரூ. மருத்துவமனைத் தோட்டத்துக்குப் பக்கத்து நிலம்" என்றார். கிரான் க்ரூ என்பது பர்கண்டியில் ஆக உயர்ந்த தரத்தின் பெயர். பரிசுக்கு என்று சொன்னதும், ஒரு பாட்டில் 58 யூரோ, ஆறு எடுத்தால் அழகான பெட்டியில் கட்டித் தருகிறேன் என்றார். ஒரு பாட்டில் மட்டும் போதுமே என்று நான் இழுத்தபோதுதான், ஆறு எடுக்காவிட்டால் ருசி பார்த்ததற்கு ஆளுக்கு 15 யூரோ என்றார். வாசல் பலகையில் அந்த நிபந்தனை இல்லை.

அங்கேயே எழுந்து வந்திருக்க வேண்டும். மேலே போனால், பெட்டி ஏற்கெனவே மூடி, தாள் சுற்றி, ரிப்பன் கட்டித் தயாராக இருந்தது. அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பிரிச்சுக் காட்டச் சொல்லுடா. சின்னக்கடை வீதியில ஒரு புடவை எடுத்தாக்கூட முந்தி வரைக்கும் விரிச்சுப் பார்க்காம நான் காசு குடுப்பனா?"

"இந்த ஊருல அப்படிக் கேட்டா தப்பா நினைப்பாங்கக்கா" என்றேன்.

அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. நான் அட்டையைத் தேய்த்தேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பெட்டி அப்படியே இருந்தது. எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் ஒரு வயதான மதாம் இருக்கிறார். அவர் பிறந்தது போன் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா காலமெல்லாம் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்தவர். வாழ்த்து அட்டையில் என்ன எழுதலாம் என்று கேட்கப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். "போன் கிரான் க்ரூவா?" என்று திருப்பிக் கேட்டார். பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். ரிப்பனை அவிழ்த்து, மூக்குக்கண்ணாடி போட்டு, பாட்டிலை ஜன்னல் பக்கம் பிடித்தார். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "போன் ஊருக்குக் கிரான் க்ரூவே கிடையாது, மகனே."

அவர் விளக்கியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் ஏமாற்று முழுக்க இதில்தான் இருக்கிறது. பர்கண்டியில் தரம் பிரிப்பது நிலத்தை வைத்துத்தான். உச்சியில் கிரான் க்ரூ, 33 பெயர்கள் மட்டும். அதற்குக் கீழே ப்ரெமியே க்ரூ. அதற்குக் கீழே ஊர்ப் பெயர் மட்டும் கொண்டவை. அடியில் வட்டாரப் பெயர் கொண்டவை. போன் நகரத்துச் சரிவுகளில் ப்ரெமியே க்ரூ நிலங்கள் நிறைய உண்டு, கிரான் க்ரூ ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்தில் சிவப்பு ஒயினுக்குக் கிரான் க்ரூ என்றால் வடக்கே இருக்கும் கொர்த்தோன் குன்று ஒன்றுதான்.

என் பாட்டிலில் பெரிய தங்க எழுத்தில் இருந்தது 'கிரான் வான் த பூர்கோன்'. 'பர்கண்டியின் உயர்ந்த ஒயின்' என்று பொருள் வரும். ஆனால் அது தரப் பெயரே இல்லை. எந்த மட்டத்து ஒயினிலும் அதைப் போட்டுக்கொள்கிறார்கள். 'கிரான்' என்ற சொல்லைக் கண்டதும் நம் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. உண்மையான பெயர் கீழே, பொடி எழுத்தில், 'அப்பெலாசியோன்' என்று தொடங்கி 'கோந்த்ரோலே' என்றோ 'ப்ரொத்தெஜே' என்றோ முடியும் வரியில் இருக்கும். என்னுடையதில் அந்த வரிக்கு நடுவில் இருந்தது 'கோத்தோ பூர்கினியோன்'. பர்கண்டி ஏணியின் ஆகக் கீழ்ப்படி. முன்பு 'பூர்கோன் கிரான் ஓர்தினேர்' என்று இருந்ததைத்தான் 2011இலிருந்து இப்படி அழைக்கிறார்கள். பர்கண்டி சிவப்பு ஒயினுக்குப் பேர்போன பினோ நுவார் திராட்சைதான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கமே திராட்சையும் சேரலாம். 1395இல் பர்கண்டிக் கோமகன் ஃபிலிப், தோட்டங்களிலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்ட திராட்சை அது. கமேயில் நல்ல ஒயின் செய்பவர்கள் தெற்கே பொஜொலேயில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதைக் குறை சொல்லவில்லை. நான் காசு கொடுத்தது அதற்கு அல்ல. அதே தரப் பெயர் போட்ட பாட்டில் எங்கள் தெரு சூப்பர் மார்க்கெட்டில் 9 யூரோவுக்கு நிற்கிறது.

'மருத்துவமனைத் தோட்டத்துக்குப் பக்கத்து நிலம்' என்று சொன்னதற்கும் ஆதாரம் ஒன்றுமில்லை. அந்தப் பழைய மருத்துவமனைக்குரிய ஓஸ்பீஸ் த போன் என்ற அறநிலையத்துக்குச் சொந்தத் திராட்சைத் தோட்டங்கள் உண்டு, அது உண்மை. அந்த ஒயினை 1859இலிருந்து ஏலத்தில் விற்கிறார்கள். நவம்பர் மூன்றாம் ஞாயிறு, 228 லிட்டர் பீப்பாய் கணக்கில். வாங்கும் வணிகர் பிறகு பாட்டிலில் அடைப்பார். அப்படி வந்த பாட்டிலில் ஓஸ்பீஸ் த போன் என்ற பெயரும், அந்த ஏலத்து ஒயின்களில் எந்தத் தொகுப்பு ('க்யூவே') என்பதும் அச்சிட்டே இருக்கும். லேபிளில் இல்லாமல் வாயால் மட்டும் சொன்னால் நம்பாதீர்கள். ஏழைகளுக்காக ஆறு நூற்றாண்டாக நடக்கும் ஒரு காரியத்தின் பெயரை வைத்து விலை ஏற்றினார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பணத்தைவிட அதிகமாக வலிக்கிறது.

கடைக்குத் தொலைபேசினேன். "நீங்கள் ருசி பார்த்துத்தான் வாங்கினீர்கள்" என்றார்கள். நான் ருசி பார்த்தது துணி சுற்றிய பாட்டில்; அதில் இருந்ததும் பெட்டியில் இருந்ததும் ஒன்றுதானா என்று எனக்குத் தெரிய வழியே இல்லை. ரசீதில் இருப்பது 'சிவப்பு ஒயின், 6 பாட்டில்' அவ்வளவே. 14 நாளில் திருப்பிக் கொடுக்கலாமே என்று கேட்டேன். அந்த உரிமை இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்குவதற்கும், வீடு தேடி வந்து விற்பதற்கும்தான். நாமே கடைக்குப் போய் வாங்கினால் கிடையாது. அதில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் பொய்த் தரம் சொல்லி விற்பது தனிக் குற்றம். அரசின் சிக்னல்கோன்சோ தளத்தில் புகார் பதிந்தேன். இலவசம், வீட்டிலிருந்தே செய்யலாம். புகார் கடைக்கும் போகும், நுகர்வோர் பாதுகாப்புத் துறையும் பார்க்கும். சிக்கல் என்னவென்றால் 'கிரான் க்ரூ' என்று அவர் சொன்னது வாய்ச்சொல். ரசீதில் அந்த ஒரு வார்த்தையை எழுதி வாங்கியிருந்தால் என் கை ஓங்கியிருக்கும். நீங்கள் வாங்கும்போது ஒயினின் முழுப் பெயரையும் ஆண்டையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அதே ஊரில் நேர்மையான கடைகளும் தோட்டக்காரர்களும் ஏராளம், மதாம் அதை மூன்று முறை சொல்லி அனுப்பினார். ருசிக்குக் கட்டணம் உண்டு என்றால் முதலிலேயே சொல்வார்கள், லேபிளைக் காட்டித்தான் ஊற்றுவார்கள், ஒரு பாட்டில் வாங்கினாலும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆய்வகத்தில் எல்லோரையும் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. அவர்கள் பணத்தை நான் ஈடுகட்டினேன். லியோனிலேயே ஒரு ஒயின் கடைக்கு மதாமையும் கூட்டிக்கொண்டு போய், போன் ப்ரெமியே க்ரூ இரண்டு பாட்டிலும் மிச்சப் பணத்துக்கு ஒரு கடிகாரமும் வாங்கினோம். லேபிளை மதாம் வரி வரியாகப் படித்த பிறகுதான் அட்டையை எடுத்தேன். சிக்னல்கோன்சோ வழியாகக் கடை நேற்று பதில் அனுப்பியிருக்கிறது: நல்லெண்ணத்தின் பேரில் 60 யூரோவுக்குக் கூப்பன், அவர்கள் கடையிலேயே செலவழிக்க வேண்டும். வேண்டாம் என்று எழுதி, ஆறு பாட்டில்களின் லேபிளையும் படமெடுத்து இணைத்து, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டேன். பாட்டில்களைத் திறக்கவில்லை. மூடியோடு அப்படியே வைத்திருக்கிறேன், சாட்சியாக.