பழைய விரிப்பா, புதுத் தையலா, தோடர் வேலையா: மலை வீட்டில் எது தாங்கும்?

குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் பழைய பங்களா வாங்கியவர்களும் ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான்: வெள்ளை மேசைவிரிப்பு, அதன் மூலையில் கைத்தையல் பூ, தேநீர் ட்ரேக்கு ஒரு சின்னத் துணி, சமையலறைக்குப் பூப்போட்ட ஏப்ரன். இதற்கு மூன்று வழி இருக்கிறது. பங்களா காலி செய்யும்போதும் சர்ச் விற்பனையிலும் வெளிவரும் பழைய துணியை வாங்கலாம், அதே பாணியில் புதிதாகத் தைக்கலாம், அல்லது நீலகிரியின் சொந்தச் சரக்கான, தோடர் பழங்குடியினரின் பூத்தையலை விரிக்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மேசைவிரிப்புக்குப் பழையதை மிஞ்ச எதுவும் இல்லை. ஏப்ரனுக்குப் பழையது வேண்டவே வேண்டாம். தோடர் வேலை சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் போகவே கூடாது. காரணம் எல்லாம் ஈரமும் துவைப்பும்தான்.

பழைய துணியை வாங்குமுன் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். பூவைப் பார்க்காதீர்கள், மடிப்புக் கோட்டைப் பாருங்கள். கஞ்சி போட்டு, ஒரே மடிப்பில் பல வருஷம் இஸ்திரி போட்டு அடுக்கிய துணியில் அந்தக் கோட்டில்தான் இழை முதலில் முறியும். வெளிச்சம் ஊசிமுனை அளவில் வரிசையாகத் தெரிந்தால் முதல் துவைப்பிலேயே அங்கு கிழியும். அதை முழு விரிப்பாக வாங்காதீர்கள். பூ உள்ள மூலைகளை வெட்டி ட்ரே துணியாக்கலாம் என்ற கணக்கில் வேண்டுமானால் விலை பேசுங்கள். ஏப்ரனில் இந்தப் பலவீனம் கழுத்துப் பட்டையும் இடுப்பு நாடாவும் உடல் துணியோடு சேரும் இடத்தில் இருக்கும். தினமும் இழுபடும் இடம் அதுதான் என்பதால் பழைய ஏப்ரனைச் சுவரில் மாட்டலாம், கட்டிக்கொண்டு சமைக்க முடியாது.

அடுத்து பின்பக்கம். கைத்தையலில் ஒரு பூவிலிருந்து இன்னொன்றுக்கு நூல் தாவிய தடமும் முடிச்சும் நுனி செருகலும் இருக்கும். மெஷின் வேலையில் அடிநூல் ஒரே நிறத்தில் ஒரே சீராக ஓடும். பூவுக்கு வெளியே நீலக் கோடு தெரிந்தால் அது இஸ்திரி வைத்துப் பதித்த டிசைன். தைத்தவர் கோட்டை முழுதாக மூடவில்லை. அது பெரும்பாலும் போகாது.

மலைத் துணியில் கறை இரண்டு வகை. சாம்பல் நிறப் பூஞ்சணம் மேலோட்டமானது. வெயிலில் காயவைத்து, வெளியே நின்று பிரஷால் தட்டினால் பாதி போய்விடும். மிளகு சிதறியது போன்ற பழுப்புப் புள்ளிகள் இழைக்குள் இறங்கியவை. இவற்றுக்கு ஆக்சிஜன் ப்ளீச் தூள்தான்: ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி போட்டு நாலைந்து மணி நேரம் ஊறவிடுங்கள். ஊட்டிக் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றினால் அந்தத் தூள் சரியாக வேலை செய்யாது. கை பொறுக்கும் சூடு வேண்டும், ஆறினால் வெந்நீர் சேர்க்க வேண்டும். அதற்கு முன் ஈரமான வெள்ளைத் துணியைச் சிவப்பு, கருநீல நூல்மேல் ஐந்து நிமிஷம் அழுத்தி, சாயம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் ஊறவைக்கும் பேச்சே வேண்டாம். துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, பலமுறை அலசுங்கள். புளிப்பு தங்கினால் பருத்தி இற்றுவிடும். குளோரின் ப்ளீச்சைத் தொடாதீர்கள். துரு இன்னும் கெட்டிப்படும், துணியும் நைந்துபோகும்.

புதிதாகத் தைப்பதில் கிடைக்கும் பெரிய லாபம் துவைப்பு. நல்ல லினன் கிடைத்தால் சரி. இல்லாவிட்டால் கெட்டி நெசவு காட்டன் கேஸ்மென்ட் போதும். பாலியெஸ்டர் கலந்த துணியில் தையலைச் சுற்றிச் சுருக்கம் விழும், இஸ்திரிக்கும் அடங்காது. வெட்டுமுன் வெந்நீரில் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். கேஸ்மென்ட் மீட்டருக்கு நாலைந்து சென்டிமீட்டர் சுருங்கலாம். தைத்தபின் சுருங்கினால் பூ மட்டும் உப்பி நிற்கும்.

120 செ.மீ. அகலத்தில் ஒன்றேகால் மீட்டர் எடுத்தால் ஒரு ஏப்ரன். உடல் 80 அகலம், 95 நீளம். மேலே நெஞ்சுப் பகுதியை 28 அகலத்துக்குக் குறுக்கி வளைத்து வெட்டுங்கள். பக்கத்தில் மிஞ்சுவதில் 8 செ.மீ. அகலமாக இடுப்பு நாடா இரண்டு (90 நீளம்), கழுத்துப் பட்டை ஒன்று (60). கீழே மிஞ்சுவதில் 18க்கு 20 பாக்கெட். பூவை முதலில் பாக்கெட் துணியில் போட்டு முடித்து, பிறகுதான் ஏப்ரனில் வைத்துத் தைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் துணியை இழுத்துப் பிடிக்கும் தையல் வளையத்தில் மாட்டவே முடியாது.

டிசைன் பதிக்க மூன்று வழி புழக்கத்தில் உண்டு. கார்பன் தாள் மலிவு, ஆனால் வெள்ளைத் துணியில் அழுக்குத் தடம் விடும். நீரில் கரையும் நீலப் பேனா சுத்தம். அலசுமுன் இஸ்திரி பட்டால் மட்டும் கோடு நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனாவின் கோடு ஊட்டிப் பனியில் திரும்பி வரும் என்று பயமுறுத்துவார்கள். அதற்குச் சுமார் மைனஸ் பத்து டிகிரி குளிர் வேண்டும், நம் உறைபனி அந்த அளவுக்குப் போவதில்லை. ஆனாலும் வெள்ளைக்கு நீலப் பேனாவே எங்கள் தேர்வு.

நூல் ஆறு இழைக் காட்டன். ஒரு கட்டு 8 மீட்டர். பழைய பாணி தோன்றுவது நிறத்தால் மட்டுமல்ல, இழை எண்ணிக்கையாலும்தான். காம்புத் தையலுக்கு இரண்டு இழை, லேசி டெய்சி என்ற கண்ணித் தையலில் போடும் இதழுக்கு மூன்று, நடுவில் ‘பிரெஞ்சு நாட்’ என்ற முடிச்சுக்கு இரண்டு. ஆறு இழையையும் அப்படியே கோத்துத் தைத்தால் பள்ளிக்கூடக் கைவேலை மாதிரிதான் வரும். இரவில் துணியை வளையத்திலேயே விட்டுவிடாதீர்கள்: ஈர அறையில் திருகாணி துருப்பிடித்து வட்டமாகக் கறை பதிக்கும்.

தோடர் பூத்தையல் வேறு இனம். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. முரட்டு வெள்ளைப் பருத்தியில் சிவப்பு, கறுப்பு நூலால், டிசைன் வரையாமல், வளையமும் மாட்டாமல், இழை எண்ணித் தைப்பது. நெய்தது போலவே தெரியும். மேசையின் நடுவில் நீளமாக விரிக்கும் ரன்னராக இதற்கு இணை இல்லை. விலை அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் ஒரு சாண் அகலத்துக்கு எத்தனை இழை எண்ண வேண்டும் என்று உட்கார்ந்து பார்க்கட்டும். ஆனால் அடித்தளம் நெகிழ்ந்த நெசவு, குழம்புக்கறை உடனே இறங்கும். அடிக்கடி துவைத்தால் பூ கோணிக்கொள்ளும். நூல் கம்பளியா அக்ரிலிக்கா என்று உதிரி நுனியைக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்தால் கம்பளி, உருகிக் குண்டுமணியாக இறுகினால் அக்ரிலிக். கம்பளி என்றால் குளிர்ந்த நீர், மென்மையான சோப்பு, முறுக்கிப் பிழியாமை. பூச்சி அரிக்கும் என்பதால் தனிப் பெட்டி.

பெரிய துவைப்பை ஜனவரி முதல் மார்ச் வரை வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டிக்கு ஜூன் மழை, கொடைக்கானலுக்கு அக்டோபர், நவம்பர் மழை; அப்போது நனைத்த விரிப்பு காயாமலே பூஞ்சணம் பிடிக்கும். எடுத்துவைக்கும் துணிக்குக் கஞ்சி கூடாது, ராமபாணப் பூச்சி தேடி வரும். மடிக்காமல் அட்டைக் குழாயில் பழைய வேட்டித் துணி சுற்றி, அதன்மேல் விரிப்பைச் சுருட்டுங்கள். அலமாரியில் யூகலிப்டஸ் தைலம் வைக்கிற வழக்கம் இங்கே உண்டு. பஞ்சில் நனைத்துச் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள், சொட்டு துணியில் பட்டால் எண்ணெய்க் கறையாகிவிடும்.