செவ்வாய்க்கிழமைப் பெஞ்ச்: மொரிஷியஸில் மூன்று வாரம்

ஊருக்குப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் காலை, ரோஸ்ஹில்லில் அம்மா வீட்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். தோளில் ஒரு பை, கையில் பெயர்ப் பட்டியல். சுகாதாரத் துறை ஊழியர். "இந்தியாவிலிருந்து வந்தவர் நீங்கள்தானே?" என்று கேட்டார். காய்ச்சல் உண்டா என்று விசாரித்தார். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொண்டார். காய்ச்சல் வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் டிஸ்பான்சேருக்கு, அதாவது அரசு சுகாதார நிலையத்துக்கு, வரச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டு முகவரியைப் பார்த்தபடி கிளம்பினார். மொத்தம் ஐந்து நிமிடம்.

மலேரியா உள்ள நாட்டிலிருந்து வருபவர்களை இப்படி வீடு தேடி வந்து பார்ப்பது எங்கள் தீவில் பல காலமாக உள்ள வழக்கம். நான் சென்னையில் குடியேறி 19 வருடம் ஆகிறது. ஒவ்வொரு பயணத்திலும் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்கு எரிச்சல் வந்ததில்லை, பெருமையாகத்தான் இருக்கும். 1867-ல் தலைநகர் போர்ட் லூயிஸை மலேரியா சூறையாடியபோது பல்லாயிரம் பேர் இறந்தார்கள். வசதி இருந்தவர்கள் மேட்டு நிலத்துக் குளிரைத் தேடி ஓடினார்கள். க்யூர்பிப் பெரிய ஊராக வளர்ந்தது அதற்குப் பிறகுதான். கொசு வழியாக மலேரியா பரவுவதை இந்தியாவில் இருந்தபோது கண்டுபிடித்த ரொனால்ட் ராஸே 1907-ல் இங்கே வந்து சதுப்பு நிலங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். 1973-ல் உலக சுகாதார நிறுவனம் மலேரியா ஒழிந்தது என்று சான்று கொடுத்தது. இரண்டே வருடத்தில் ஜெர்வேஸ் புயல் அடித்தது, நோய் திரும்பி வந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளிகள் 1997-ல். அதற்குப் பிறகும் ஊழியர் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருகிறார் பாருங்கள், அதைத்தான் நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். வென்ற பிறகும் வேலையை விடவில்லை.

இந்தத் தடவை நான் போனது அம்மாவுக்காக. 74 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. 2021-ல் அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி 20 முதல் 74 வயது வரை உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு. எங்கள் தெருவில் எண்ணிப் பார்த்தால் அதைவிடக் கூடுதலாகவே வரும். சிகிச்சை, மாத்திரை, கண் விழித்திரைப் படம் எல்லாம் அரசு இடங்களில் இலவசம். இதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. என் மாமியாருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே மாத்திரை வருகிறது.

பணம் கேட்பதில்லை, சரி. ஆனால் காக்க வைப்பார்கள். முதல் வாரம் என் மாமாவோடு ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனேன். இதயப் பிரிவில் ஒன்பது மணிக்கு அவருக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஃபைல் கிடைக்கவில்லை. பத்தரைக்குக் கேட்டால் தேடுகிறோம் என்றார்கள். பன்னிரண்டுக்கும் அதே பதில். ஒன்றரை மணிக்கு, டாக்டர் போய்விட்டார், இன்னொரு நாள் வாருங்கள் என்று ஒரு புதிய தேதியை எழுதிக் கொடுத்தார்கள். அது ஆறு வாரம் கழித்து. இரண்டு தடவை மார்பு வலி வந்த மனிதர் அவர். பெஞ்சிலிருந்து எழுந்திருக்கக்கூட முடியாமல் அமர்ந்திருந்தார். நான் குரலை உயர்த்திவிட்டேன்.

பிறகு ஃபைல் அறை ஊழியர் தனியாக வந்து மாமாவிடம் மன்னிப்புக் கேட்டார். ஃபைல்களைப் பதிவு செய்த வருடத்தின்படி அடுக்குகிறார்களாம். ஒருவர் இடையில் வேறு பிரிவுக்குப் போய் வந்தால் இன்னொரு ஃபைல் முளைத்துவிடுமாம். எந்தப் பிரிவு என்று தெரியும்படி ஓரத்தில் வண்ணக் காகிதம் ஒட்டலாம், முந்தின நாளே மறுநாள் ஃபைல்களை எடுத்து வைக்கலாம் என்று அவர் மூன்று வருடமாகச் சொல்லி வருகிறாராம். "அது உன் வேலை இல்லை" என்பதுதான் கிடைத்த பதில். எழுதிக் கொடுக்கலாமே என்றேன். "எழுதினால், ஏன் எழுதினாய் என்று கேட்பார்கள்" என்றார். எங்கே கோளாறு, எப்படிச் சரிசெய்யலாம் என்று நன்றாகத் தெரிந்தவர் அந்த அறையிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரை வாய் திறக்க விடவில்லை என்பதற்காக என் மாமா ஆறு வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

அடுத்த செவ்வாய் அம்மாவோடு டிஸ்பான்சேர். அரசு சுகாதார நிலையம் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். சென்ற பயணத்தில் விடியற்காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றோடு போய் வரிசையில் உட்கார்ந்தோம். ரத்தம் எடுத்து முடித்து வீடு திரும்பும்போது பதினொன்று. அதனால் இந்தத் தடவை பையில் ரொட்டியும் வாழைப்பழமும் ஃபிளாஸ்க்கில் தேத்தண்ணீரும் எடுத்துக்கொண்டு தயாராகவே போனேன். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு தனிப் பெஞ்ச், அதன் மேல் தாளில் கையால் எழுதிய பலகை: வெறும் வயிற்றுப் பரிசோதனை. ஏழு மணிக்கு அந்தப் பெஞ்சை மட்டும் கூப்பிட்டார்கள். ஏழேகாலுக்கு அம்மாவின் ரத்தம் எடுத்தாயிற்று. நர்ஸ் சிஸ்டர் அம்மாவின் தோளைத் தொட்டு, "தாந்தின் (அத்தை), முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் டாக்டர்" என்றார். தண்ணீர்க் குழாய் பக்கத்தில் சாப்பிடுவதற்கென்றே ஒரு மேசை போட்டிருந்தார்கள். எட்டேமுக்காலுக்கு வீட்டில் இருந்தோம்.

எனக்கு நம்ப முடியவில்லை. மறுநாள் மத்தியானம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து அந்த சிஸ்டரைத் தேடிப் போனேன். அவரும் தமிழர். சின்ன வயதில் கோவில் வகுப்பில் தமிழ் படித்தவராம். என்னோடு பேசும்போது எங்கள் தீவின் பேச்சுமொழியான கிரியோலை நிறுத்திவிட்டு மெதுவாக, சொல் தேடித் தேடித் தமிழில் பேசினார். ஒரு நாள் வரிசையில் இருந்த ஒரு தாத்தா மயங்கி விழுந்தாராம். சர்க்கரை இறங்கிவிட்டது. மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். "அன்று இரவு தூக்கம் வரவில்லை அக்கா. நோயைப் பார்க்க வந்தவரை நாமே விழவைத்துவிட்டோமே."

முன்பிருந்த டாக்டரிடம் சொன்னபோது அப்படிச் செய்யச் சர்குலர் இல்லை என்றாராம். புதிதாக வந்தவர் இளம் பெண் டாக்டர். அவர் சொன்னது இது: நான்கு செவ்வாய் செய்து பாருங்கள். என்ன நடந்தது என்று எழுதி வையுங்கள். சரிப்படாவிட்டால் பழையபடியே நடத்துவோம்.

அந்த நோட்டை சிஸ்டர் எனக்குக் காட்டினார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் நீல அட்டை நோட்டு. முதல் செவ்வாய் நன்றாகப் போயிருக்கிறது. இரண்டாம் செவ்வாய் ஒரே சண்டை. மாத்திரை வாங்க மட்டும் வருபவர்களை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் மலைப்பக்கத்திலிருந்து வருபவர்களுக்குக் காலையில் ஆறரை பஸ்தான் வசதி. முன்னால் வந்தும் பின்னால் போக வேண்டுமா என்று கத்தியிருக்கிறார்கள். "நான் யோசிக்கவில்லை, என் தவறு" என்று தேதி போட்டு எழுதியிருக்கிறார். அதன் கீழே டாக்டரின் கையெழுத்து, பக்கத்தில் ஒரு கேள்வி: பஸ் நேரத்தை வைத்து மாத்திரை நேரத்தைப் பிரிக்கலாமா? மூன்றாம் செவ்வாய் அப்படியே பிரித்தார்கள். நான்காம் செவ்வாய்க்கு எதிரே 'சத்தம் இல்லை' என்று இரண்டே வார்த்தை.

பொது மருத்துவத்தில் புதுமை என்றால் நம்மவர்களுக்குப் புது ஸ்கேன் இயந்திரம், ஆப், ரிப்பன் வெட்டு விழாதான் கண்ணில் தெரியும். அவை வேண்டாம் என்று சொல்லவில்லை. கணினிப் பதிவு இருந்தால் மாமாவின் ஃபைல் தொலைந்திருக்காது. ஆனால் வண்ணக் காகிதம் ஒட்டவே விடாத இடத்தில் கணினியைக் கொண்டு வைத்தால் என்ன நடக்கும்? அந்த நீல நோட்டில் எனக்குப் பெரிதாகப் பட்டது அந்த இரண்டாம் செவ்வாய். தவறியது, தவறியதைத் தவறியவரே எழுதினார், மேலதிகாரி திட்டாமல் பதிலுக்கு ஒரு கேள்வி எழுதினார். அந்தக் கேள்வியை எழுத ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

இந்த நாடு மேலிருந்து துணிச்சலாகச் செய்யத் தெரியாத நாடு அல்ல. 1987-ல் எல்லா வீட்டிலும் புழங்கிய ரேஷன் எண்ணெயை, பெரும்பாலும் பாமாயிலாக இருந்ததை, முழுக்க சோயா எண்ணெயாக மாற்றினார்கள். அந்த வருடம் மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்து வைத்திருந்ததால் 1992-ல் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. அம்மாவுக்கு அந்த மாற்றம் நினைவிருக்கிறது, வாடை வேறாக இருந்தது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டாராம். நீரிழிவு மட்டும் இறங்கவில்லை, ஏறத்தான் செய்தது. அதையும் மறைக்காமல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுத்து வெளியிடுகிறார்கள். 2023-ல் சிகரெட் பெட்டிகளில் கம்பெனி அலங்காரத்தை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கியதில் ஆப்பிரிக்காவிலேயே முதல் நாடு இதுதான். அமைச்சகத்தில் இருக்கிற இந்தத் துணிவும், செய்ததை அளந்து பார்க்கும் பழக்கமும் ஃபைல் அறை வரைக்கும் ஏன் இறங்கி வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இன்னொன்று, மாற்றல். அரசு வேலையில் டாக்டரும் நர்சும் ஓர் இடத்தில் நிலையாக இருப்பதில்லை. நல்லது செய்பவர் போகும்போது அந்த நல்லதும் அவரோடு போய்விடுகிறது. பக்கத்து ஊர் டிஸ்பான்சேரில் இந்தப் பெஞ்ச் முறை தெரியுமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "யார் போய்ச் சொல்வது?" என்றார். மாதம் ஒரு நாள் நாலைந்து நிலையத்து நர்சுகள் ஒன்றாக உட்கார்ந்து பேச ஓர் அறையும் தேத்தண்ணீரும் கொடுத்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கும் அதே ஆசை இருக்கிறது. கேட்கத்தான் தயக்கம். அந்த இளம் டாக்டரிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் சென்னை திரும்பி இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் அம்மா போனில் சொன்னார், சிஸ்டருக்கு மாற்றல் வந்துவிட்டதாம். புது சிஸ்டர் வந்த முதல் செவ்வாய் பழையபடி ஒரே வரிசை. அம்மா, இதுவரை எந்த ஆபீசிலும் வாய் திறக்காதவர், எழுந்து போய், "மேசை இழுப்பறையில் ஒரு நீல நோட்டு இருக்கும், பாருங்கள்" என்று சொன்னாராம். இருந்ததாம். வீட்டுக்கு எடுத்துப் போய் வாசிக்கிறேன் என்று புது சிஸ்டர் அதைத் தன் பையில் வைத்துக்கொண்டாராம். அம்மாவின் கார்டில் அடுத்த பரிசோதனைக்குத் தேதி போட்டிருக்கிறது. ரொட்டியை எப்படியும் எடுத்துப் போகிறேன் என்றார்.